இரண்டு மணிக்கு வெளியே போகாத நாள்

இரண்டு மணிக்கு பெல் அடித்தது. முப்பத்தெட்டு பேரும் எழுந்தோம். கை கழுவினோம், ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினோம், டிபன் பாக்ஸைப் பைக்குள் போட்டோம், வழக்கம்போல கேட் வரைக்கும் நடந்தோம். கேட்டைத் தாண்டவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிழல் விழுந்திருந்த சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார்.

"இன்னாம்மா, போவலியா?"

"இல்லீங்க. அஞ்சரை பஸ்ஸுல போறோம்" என்றாள் ஷமீம்.

"அது ஃபுல் ஷிப்ட்டு பஸ்ஸாச்சே?"

"தெரியும்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். கை வலித்திருக்க வேண்டும். கேட்டைச் சாத்திவிட்டு ஆபீஸ் பக்கம் வேகமாகப் போனார்.

எங்கள் திட்டம் அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் யோசித்திருக்கவில்லை. ஷமீம் என் பக்கத்தில் உட்கார்ந்து பர்தாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். மூன்று மணிக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டியவள். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் அப்படித்தான். அதனால்தானே அரை ஷிப்ட்டுக்கு வந்தோம்.

நாலரை மணி நேரம்

ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்தில் அது மாதிரி எத்தனையோ இருக்கின்றன. ஷூவின் மேல் பாகத்தை, நாங்கள் 'அப்பர்' என்போம், அதை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். முழு ஷிப்ட் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை. அரை ஷிப்ட் ஒன்பதரையிலிருந்து இரண்டு.

நான் டேபிள் வேலை. வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டி, தையல் லைனுக்கு அனுப்புவது. பசை வாடையில் முதல் ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தால் வாடை இல்லாதது விநோதமாக இருந்தது.

ஒரு தடவை வந்த அப்பர்கள் ரொம்பச் சின்னவை. நடக்கப் பழகுகிற குழந்தைகளுக்கான ஷூ. அன்றைக்கு டேபிளில் யாரும் பேசவேயில்லை. அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். மறுநாள் பெரிய ஆண்கள் சைஸ் வந்தது, பேச்சும் வந்துவிட்டது.

எனக்கு ஏன் அரை ஷிப்ட் என்றால், என் வீட்டுக்காரர் ஆசீர். லாரியில் பாரம் ஏற்றும்போது மேலே இருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் அழுத்திக் கிடந்தால் புண் வந்துவிடும், வந்தால் சீக்கிரம் ஆறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காலையில் அவரைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் படுக்க வைப்பது என் கொழுந்தன் டேவிட். அவனுக்கு வேறொரு கம்பெனியில் மூன்று மணிக்குத் தொடங்குகிற ஷிப்ட். இரண்டரைக்கு அவன் கிளம்புவான், மூன்றுக்குள் நான் வருவேன். எங்கள் மகள் காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கில் பத்து நிமிஷம் பிசகினாலும் எல்லாம் குலைந்துவிடும்.

வசந்தாக்கா

முழு ஷிப்ட்காரர்களுக்குக் காலையும் மாலையும் கம்பெனி பஸ் உண்டு. அரை ஷிப்ட்டுக்குக் கிடையாது. இரண்டு மணிக்கு வெளியே வந்தால் ஹைவேயைக் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கம் டவுன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். லாரிகள் நிற்காமல் வரும். நடுவில் இருக்கிற திட்டு வரைக்கும் ஒரு ஓட்டம், அங்கே நின்று மூச்சு வாங்கி, இன்னொரு ஓட்டம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும்போது சிரிப்போம். பயத்தை அப்படித்தான் கடந்தோம்.

வசந்தாக்கா எங்களில் பெரியவர். மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போகிறவர். ஒரு நாள் இரண்டாவது ஓட்டத்தில் அவர் கடைசி. திரும்பிப் பார்த்தபோது செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் கிடந்தார். பைக் ஓட்டிவந்தவனும் விழுந்து கிடந்தான். அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மறுநாள் ஆபீஸில் கேட்டோம். எச்.ஆர். சார் நல்ல மாதிரியாகத்தான் பேசுவார். அன்றைக்கும் அப்படியே பேசினார்.

"கேட்டைத் தாண்டிட்டாங்க இல்லம்மா? வெளிய நடந்ததுக்கு கம்பெனி இன்னா பண்ணும்?"

சங்கத்துக்குப் போனோம். கம்பெனிக்குள் ஒரே சங்கம்தான். அதன் செயலாளர் துரை அண்ணன், கட்டிங் செக்ஷனில் வேலை. நியாயமான மனுஷர், மேனேஜரை எதிர்த்து நின்று சஸ்பெண்ட் ஆனவர். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க மெம்பர் இல்லியேம்மா" என்றார்.

மெம்பர் ஆக முடியாது. அது எனக்கு முன்பே தெரியும். சேர்ந்த புதிதில் சந்தாவோடு ஃபாரம் நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தர் "எத்தினி மணி நேரம்?" என்று கேட்டார். சொன்னேன். ஃபாரத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். முழு ஷிப்ட் தொழிலாளிதான் உறுப்பினர் என்று அவர்கள் விதியில் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வசந்தாக்காவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். கம்பி வைத்த காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"பெல் அடிச்சு எத்தினி நிமிஷம் கழிச்சு அடிபட்டுதுன்னு ஆபீஸ்லேர்ந்து கேக்கறாங்கடி" என்றார். "நான் ரோட்டுல வாட்ச்சைப் பாத்துக்கினா கெடந்தேன்?"

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஷமீம் சொன்னாள்: "வெளிய போனாதானே பொறுப்பு இல்ல? அப்ப நம்ம வெளியவே போவாம இருந்தா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது.

அஞ்சரை

கேட்டுக்குள் உட்கார்ந்த அந்த முதல் நாளுக்கு வருகிறேன்.

டேவிட்டிடம் ஒரே ஒரு நாள் லீவு போடச் சொல்லியிருந்தேன். "ஒரு நாள்தான் அண்ணி, ஜாஸ்தி கேக்காதீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். மற்றவர்களும் அப்படித்தான். ஒருத்தி பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டிருந்தாள். ஒருத்தி மாமியாரிடம் பொய் சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கு மேல் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு போனுக்கும் எல்லாரும் அவரவர் பையைத் தொட்டுப் பார்த்தோம்.

எச்.ஆர். சார் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை கெஞ்சினார். இரண்டாவது தடவை, "வேலை முடிஞ்சப்புறம் உள்ள இருக்கறது சட்டப்படி தப்பு" என்றார். நாங்கள் கோஷம் எதுவும் போடவில்லை. போடத் தெரியாது. "அஞ்சரை பஸ்ஸுல போய்டறோம் சார்" என்று மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னோம்.

ஐந்தரைக்கு முழு ஷிப்ட் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்து நின்றார்கள். அதுவரைக்கும் அவர்களுக்கும் எங்களுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. 'பாதி நாள் மகாராணிங்க' என்று எங்களைச் சொல்வார்கள். நாங்களும் அவர்களை ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

பஸ் டிரைவர், "சீட்டு இல்ல, ஏறாதீங்க" என்றார்.

தையல் லைனில் இருந்து ஒரு பெண், பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது, ஜன்னலிலிருந்து கையை நீட்டி என் பையை வாங்கிக்கொண்டாள். "சீட்டு இல்லன்னா மடி இருக்குது. ஏறுக்கா" என்றாள்.

ஏறினோம். ஒருத்தி மடியில் ஒருத்தி, படியில், டிரைவர் பக்கத்துப் பலகையில். மாதனூர் தாண்டும் வரைக்கும் ஒரே இரைச்சல். வசந்தாக்காவுக்கு அடிபட்டது அந்த பஸ்ஸில் இருந்த பாதிப் பேருக்கு அதுவரை தெரியவே தெரியாது. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வரவில்லை. நாங்கள்தான் அந்தக் குரூப்பில் இல்லையே.

மூன்று நாள் இப்படிப் போனோம். டேவிட் இரண்டாவது நாள் லீவு போட மறுத்துவிட்டான். இரண்டரையிலிருந்து நான் வீட்டுக்கு வரும் ஆறரை வரைக்கும் ஆசீர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தார். பஸ்ஸில் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போவது போல இருந்தது.

நாலாவது நாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அரை ஷிப்ட் ஊழியர்கள் இரண்டேகாலுக்குள் வெளியேற வேண்டும், மீறினால் வேலை கிடையாது. அன்றிலிருந்து பழையபடி இரண்டு மணிக்கு ரோட்டைத் தாண்டி ஓடினோம்.

ஸ்டோர் ரூம்

அன்றைக்கே எச்.ஆர். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏ.சி. அறை. எனக்கு டீ வந்தது.

"உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் எஸ்தர். ஸ்டோர்ல ஒரு வேலை காலியா இருக்குது. பத்துலேர்ந்து ரெண்டு. ஆனா மஸ்டர் ரோல்ல பேரு ஏறிடும். பர்மனென்ட். ரெண்டு மணிக்கு நம்ம ஆபீஸ் காரு காட்பாடி பக்கம் போவுது, உன்னை எறக்கி வுட்டுடும்."

"எனக்கு மட்டுமா சார்?"

"ஒரு வேலைதான் இருக்குது."

நான் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அங்கேயே மறுத்துவிட்டு வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மறுக்கவில்லை. மூன்று நாள் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. டேபிளில் ஷமீம் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டே, அந்த ஸ்டோர் ரூமில் ஃபேன் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசீரிடம் சொன்னேன். அவருக்கு டிவி சத்தத்தைக் குறைக்கவே பிடிக்காது. அன்றைக்கு அணைக்கச் சொன்னார்.

"வாங்கிக்கோ" என்றார். "இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

"மத்தவங்க?"

"மத்தவங்க வந்து என்னைத் திருப்பிப் போடுவாங்களா?"

அவர் கேட்டது நியாயம்.

மூன்றாவது நாள் பஸ் ஸ்டாப்பில் ஷமீமிடம் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். திட்டுவாள், பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்குக் குடுத்திருந்தா நான் வாங்கியிருப்பேன் அக்கா. நீங்க வாங்கினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன். கோபத்தில், உங்களுக்கென்ன தெரியும் என் கஷ்டம் என்று. இப்படிச் சொன்ன பிறகு என்னால் முடியவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை.

மறுநாள் எச்.ஆர். சாரிடம், "இதே மாதிரி முப்பத்தெட்டு பேருக்கும் குடுங்க சார்" என்றேன். அவர் நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

வீட்டில் ஆசீர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கை தூக்குங்க

சங்கத்தின் பேரவைக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். நாங்கள் உறுப்பினர்கள் இல்லை, உள்ளே விடக்கூடாது. மடியில் எங்களை ஏற்றிக்கொண்ட தையல் லைன் பெண்கள் வாசலை விட்டு நகராமல், "அவங்க வந்தாதான் நாங்க வருவோம்" என்று நின்றுவிட்டார்கள். அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் பின்னால் நின்று கேட்கலாம் என்று விட்டார்கள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் மைக்கைப் பிடித்தது சர்ச்சில் வசனம் வாசிக்க மட்டும்தான். "வசந்தாக்கா" என்று ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னேன். எங்களையும் உறுப்பினர் ஆக்குங்கள், கமிட்டியில் எங்களில் ஒருத்திக்கு இடம் கொடுங்கள்.

துரை அண்ணன் எழுந்தார். அவர் எங்களை வெறுத்துப் பேசவில்லை. அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது.

"எஸ்தரு, நாங்க அரை ஷிப்ட்டே இருக்கக் கூடாதுங்கறோம். எல்லாருக்கும் முழு வேலை குடுன்னு கேக்கறோம். உங்கள அரை ஷிப்ட்டாவே சங்கத்துல சேத்துக்கினா, நம்மளே அதை ஒத்துக்கின மாதிரி ஆயிடும். நாளைக்கு மொத்த லைனையும் அரை ஷிப்ட்டா மாத்துவான். அப்ப இன்னா பண்ணுவ?"

மண்டபத்தில் நிறையப் பேர் தலையாட்டினார்கள். எனக்கே அது சரி என்று ஒரு நிமிஷம் பட்டது.

"அண்ணா, எனக்கு முழு வேலை குடுத்தா என்னால வர முடியாது" என்றேன். "என் வீட்டுக்காரரைத் திருப்பிப் போட ஆளு இல்ல. ஷமீமு மாமியாருக்குக் கண்ணு தெரியாது. நாங்க ஆசப்பட்டு பாதி நாள் வர்றதில்ல, எங்களுக்கு அவ்ளோதான் முடியும். ஆனா அந்த நாலரை மணி நேரமும் நான் முழு ஆளுதான். பசை தடவற கை பாதியாவா தடவுது?"

யாரோ சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது.

"எங்களைச் சேத்தா எல்லாரையும் அரை ஷிப்ட்டா மாத்துவாங்கன்னு சொல்றீங்க. எங்களைச் சேக்காம இருந்தாத்தான்ணா மாத்துவாங்க. கேக்க ஆளில்லாத ஜனங்கன்னா அவங்களுக்கு லேசு. எங்களுக்கும் கேக்க ஆளு இருந்தா, எதுக்கு மாத்தப் போறாங்க?"

துரை அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கை தூக்குங்க" என்றார்.

பெண்கள் பக்கம் அப்படியே கை எழுந்தது. ஆண்கள் பக்கம் பாதி. எண்ணத் தேவைப்படவில்லை. துரை அண்ணன் தூக்கவில்லை. ஆனால் விதியைத் திருத்தியதாக அவர் கையாலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். கமிட்டிக்கு என் பெயரை ஷமீம் முன்மொழிந்தாள்.

நான் பார்க்காத புண்

கமிட்டிக் கூட்டம் எல்லாம் மாலை ஆறு மணிக்கு. சங்க ஆபீஸ் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே. ஆண்கள் வேலை முடித்து, முகம் கழுவி, டீ குடித்து வருவார்கள். தொடங்க ஆறரை ஆகும். முக்கியமான விஷயம் எட்டு மணிக்குத்தான் வரும். நான் வாட்ச்சைப் பார்ப்பேன். துரை அண்ணன் நான் வாட்ச்சைப் பார்ப்பதைப் பார்ப்பார்.

"வீட்டுக்குப் போறதுன்னா போம்மா, நாங்க பேசிக்கறோம்."

அதைக் கேட்ட பிறகு எழுந்திருக்கத் தோன்றாது. உட்கார்ந்திருப்பேன். மனசு மட்டும் ஆசீரின் கட்டிலுக்கும் அந்த நாற்காலிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு இரண்டு மணிக்கு ஒரு வேன் கேட்பது, எங்கள் எல்லாருடைய பெயரையும் கம்பெனி ரிஜிஸ்டரில் ஏற்றுவது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டை. இந்த மூன்றும் கோரிக்கைப் பட்டியலில் ஏற ஆறு கூட்டம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேவிட் ஒரு கல்யாணத்துக்குப் பேரணாம்பட்டு போய்விட்டான். ஆசீரை நான் துடைத்துவிட்டேன். இடுப்புக்குப் பின்னால் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தேன். ஒரு முழு எலுமிச்சம்பழ அளவுக்குப் புண்.

"இது எத்தினி நாளா இருக்குது?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"டேவிட்டுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொல்லாதன்னேன்."

"ஏன்?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

ஸ்டோர் வேலையை வாங்கிக்கோ என்று சொன்ன அதே மனுஷன். என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர். நான் கட்டில் காலடியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அவருக்கு அழுகை பிடிக்காது. "பேஜார் பண்ணாத, மருந்து போடு" என்றார்.

மறுநாள் காலையில் ஷமீமிடம் சொன்னேன். நான் கமிட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மேனேஜ்மென்ட்டோடு நடக்கப்போகிற பேச்சுவார்த்தைக்கு நீ போ.

"நான் போனா என் மாமியார யாரு பாப்பாங்க? அவங்களுக்குப் பொம்பள ஆளுதான் வேணும்" என்றாள். பிறகு, "வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு எங்க வீட்டுக்காரரு சும்மாதான் இருப்பாரு. உங்க வீட்டுக்கு அனுப்பறேன்" என்றாள்.

ஷமீமின் வீட்டுக்காரர் நஜீர் பாய் வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் வேலை செய்தவர், அப்போது வேலை இல்லாமல் இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்க மத்தியானம் இரண்டரைக்கு சைக்கிளில் வந்தார். ஆசீரைத் திருப்பிப் படுக்க வைக்க டேவிட் கற்றுக் கொடுத்தான். இரண்டு ஆம்பிளைகளும் கேரம் போர்டைக் கட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஆசீர் அவ்வளவு சத்தமாகப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. புண் ஆற நாலு மாதம் பிடித்தது. தழும்பு இருக்கிறது.

ஒரு வார்த்தை

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் ஆறு பேர். பெண் நான் மட்டும். சம்பளம், போனஸ், ஷிப்மென்ட் நேரத்து ஓவர்டைம் என்று ஒவ்வொன்றாகப் போனது. எங்கள் முறை வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. துரை அண்ணன் எழுந்து, "இதை எஸ்தர் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பேசினேன். பெயர் ஏற்றுவதற்கும் அட்டைக்கும் ஒத்துக்கொண்டார்கள். பர்மனென்ட் கிடையாது என்றார்கள், அதில் அசையவே இல்லை. வேனுக்கும் ஒரு மணி நேரம் இழுத்துவிட்டுச் சரி என்றார்கள். டைப் செய்து கொண்டுவந்தார்கள். எல்லாரும் களைத்துப்போய் பேனாவைத் தேடினார்கள். நான் எங்கள் பகுதியைப் படித்தேன்.

'அரை ஷிப்ட் பெண் ஊழியர்களுக்கு மனிதாபிமான அடிப்படையில் நிர்வாகம் வேன் வசதி செய்து தரும்.'

"சார், இந்த ஒரு வார்த்தை வேணாம்."

"எது?"

"மனிதாபிமான அடிப்படை."

மேனேஜருக்குப் புரியவில்லை. "நல்ல வார்த்தைதானேம்மா?"

"நல்ல வார்த்தைதான் சார். ஆனா அடுத்த வருஷம் உங்களுக்கு மனிதாபிமானம் இல்லாம போய்ட்டா வேன் வராது."

பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு, "கையெழுத்துப் போடும்மா, ஒரு வார்த்தைக்காக..." என்று கிசுகிசுத்தார். எனக்கும் எழுந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

துரை அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த பேனாவுக்கு மூடியைப் போட்டு மேஜை மேல் வைத்தார். அந்த வரிசையில் ஒவ்வொருத்தராக வைத்தார்கள்.

அந்த வார்த்தையை மேனேஜர் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

வசந்தாக்காவுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்து முடிந்ததற்கு இது பொருந்தாது என்றார்கள். அக்கா மறுபடி வேலைக்கு வரவில்லை, தடி ஊன்றித்தான் நடக்கிறார். ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லப் போனேன். "உங்களுக்கு நடந்ததாலதான்க்கா..." என்று ஆரம்பித்ததும் தடுத்துவிட்டார்.

"என் காலு ஒடஞ்சதாலதான் வேன் வந்துச்சுன்னு எங்கயும் சொல்லாத. எனக்குக் கோவம் வரும். காலு ஒடயறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்."

அதனால்தான் இங்கே அப்படி எழுதவில்லை.

வேன் ஒரு திங்கட்கிழமை வந்தது. முதல் நாளே பத்து நிமிஷம் லேட். முப்பத்தெட்டு பேரும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, வேன் வந்து நின்றதும் டிரைவரைப் பிடித்துக்கொண்டோம்.

"ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு வரணும், தெரியுதா?" என்று ஷமீம் கத்தினாள். "இன்னா நெனச்சிக்கினு இருக்கற?"

பாவம், அவர் புது ஆள். ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பின்னால் ஃபேன் ஓடவில்லை என்று ஒருத்தி புகார் சொன்னாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து எச்.ஆர். சார் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தராவது அந்தப் பக்கம் திரும்பி நன்றி என்று கும்பிடுவார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. யாரும் திரும்பவில்லை.